நீலசந்திராவில் ஒரு கற்பனை வேட்பாளர்

பத்தொன்பது வருடங்களாக நான் யாழ்ப்பாணத்தில் புள்ளிவிவரவியல் படிப்பிக்கிறேன். ஒரு ஊரில் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், எத்தனை கதவுகளைத் தட்டினால் ஊரின் மனம் ஓரளவு தெரியவரும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவது என் தொழில். ஆனால் இவ்வளவு காலத்தில் ஒரு கதவையும் நான் தட்டியதில்லை. மற்றவர்கள் தட்டிக் கொண்டுவந்த பதில்கள் எனக்குக் கோப்பாக வந்து சேரும். நான் வரைபடம் போட்டுத் திருப்பி அனுப்புவேன்.

அதனால்தான் பெங்களூரிலிருந்து மைதிலி கூப்பிட்டு, "சுகந்தி, ஒரு வாரம் வர முடியுமா? தமிழ் கேள்வித்தாள ஃபீல்டுல டெஸ்ட் பண்ணணும்" என்று கேட்டபோது, அவர் சொல்லி முடிக்கும் முன்பே ஓம் என்றுவிட்டேன்.

மைதிலி ஒரு ஆய்வுக் குழுவில் இருக்கிறார். மக்கள் எப்படிப்பட்டவரைத் தங்கள் பிரதிநிதியாக விரும்புகிறார்கள் என்று கண்டுபிடிப்பது அந்தக் குழுவின் வேலை. இணையவழி வகுப்பொன்றில் அறிமுகமாகி, ஐந்து வருடமாகத் திரையில் மட்டும் பார்த்துப் பழகிய சிநேகிதி. வைட்ஃபீல்டில் அவருடைய அடுக்குமாடி வாசலில் காவலாளி என்னைப் படமெடுத்து, எந்த வீடு, எதற்காக, எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். மைதிலி ஓடிவந்து அவரிடம் கன்னடத்தில் இரண்டு வார்த்தை, என்னிடம் தமிழில் நான்கு வார்த்தை, கைபேசியில் யாருக்கோ ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லி, மூன்றையும் ஒரே மூச்சில் முடித்தார். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். தான் எதிர்பார்த்ததைவிட நான் உயரம் என்று அவர் சொன்னார்.

முதல் நாள் காலையிலேயே நின்றுகொண்டு சாப்பிடும் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். தட்டு இட்லி என்று ஒன்று வந்தது. பெயருக்கேற்றபடி தட்டை முழுக்க அடைத்துக்கொண்டு, தலையில் ஒரு வெண்ணெய்க் கட்டியுடன். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். காலையில் உறைப்பான சம்பலுக்குப் பழகிய நாக்கு ஒரு கணம் திகைத்தது. பிறகு இரண்டாவது இட்லியைக் கேட்டது. மைதிலி "பை டூ" என்றதும் ஒரு காபியை இரண்டு சிறு டம்ளர்களில் பிரித்துக் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் ஒரு தேத்தண்ணியை இரண்டு பேருக்கு ஊற்றிக் கேட்டால் கடைக்காரர் எங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்.

அலுவலகத்தில் கேள்வித்தாளைக் காட்டினார்கள். அதன் நடுவில்தான் அந்த அட்டைகள். திரையில் இரண்டு அட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு கற்பனை வேட்பாளர்: ஆணா பெண்ணா, வயது, படிப்பு, தொழில், வீட்டில் பேசும் மொழி, இந்த வார்டில் எத்தனை வருடம். பெயர் கிடையாது, படம் கிடையாது. எந்த விவரம் எந்த அட்டையில் வரும் என்பதை இயந்திரம் குலுக்கல் முறையில் தீர்மானிக்கும். "இந்த இருவரில் யாருக்கு வாக்களிப்பீர்கள்" என்பது மட்டும்தான் கேள்வி.

கேட்கச் சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள். "வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு வாக்களிப்பீர்களா" என்று ஒருவரிடம் நேரே கேட்டால், "ஏன் போடமாட்டேன்" என்று நல்லவராகத்தான் பதில் சொல்லுவார். ஆறு விவரங்களுக்குள் ஒன்றாக அதை மறைத்து வைத்துப் பல பேரிடம் பல தடவை கேட்டால், எந்த விவரம் வாக்கைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்பது தானாக வெளியே வந்துவிடும். இதை வகுப்பில் விளக்கும்போதே எனக்குக் குரல் உயர்ந்துவிடும். இப்போது கையிலேயே வைத்திருந்தேன்.

கேள்வித்தாளில் எனக்கென்று ஒரு கேள்வியும் இருந்தது. எங்கள் நாட்டுப் பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போட்டுவிட்டு, அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேருக்கு விருப்பு வாக்கும் போடலாம். இங்கே ஒரு பொத்தானை ஒரு தடவை அமுக்குவதோடு சரி. இரண்டாவதாக யாரைப் பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் மூன்று மாதம் மைதிலியிடம் வாதாடி, இருபத்தேழாம் கேள்வியாகச் சேர்க்கவைத்திருந்தேன். ஐந்து கற்பனை வேட்பாளர்களில் மூவரை வரிசைப்படுத்தச் சொல்லும் கேள்வி. சொன்னால் சிரிப்பீர்கள், விமானத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் நாலு தடவை வாசித்தேன்.

இரண்டாம் நாள், வீடு வீடாகக் கேட்க நான் தனியே நீலசந்திரா என்ற பகுதிக்குப் போக வேண்டும். அலுவலக வான் வாசலுக்கு வரும், ஏறிக்கொள் என்றார் மைதிலி. வெள்ளை வான் வந்தது, ஏறினேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே இளம் பிள்ளைகள் காதில் கருவி மாட்டிக்கொண்டு அரைத்தூக்கத்தில் இருந்தார்கள். முக்கால் மணி நேரம் கழிந்தும் வான் பெருந்தெருவில் ஊர்ந்துகொண்டே இருந்தது. பக்கத்திலிருந்த பெண்ணிடம் நீலசந்திரா எப்போது வரும் என்று கேட்டேன். அவள் காதுக் கருவியைக் கழற்றி, "இது எலக்ட்ரானிக் சிட்டி போகுது மேடம்" என்றாள்.

அதே நேரம் சாரதி கைபேசியில் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். அவள் மெதுவாகத் தமிழில் சொன்னாள்: "அவர் என்ன சொல்றாருன்னா, இன்னைக்கு எண்ணிக்கைல ஒரு ஆள் அதிகமா வருது, யாருன்னு தெரியல, பாக்க டீச்சர் மாதிரி இருக்காங்களாம்."

இறங்க வழியில்லை. வேறென்ன செய்வது, அவளிடமே ஒரு கேள்வியைச் சோதித்துப் பார்த்தேன். நாமக்கல்லில் இருந்து வந்து நான்கு வருடமாக மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறாளாம். உங்கள் வார்டில் யார் நின்றால் நல்லது என்றேன்.

"எனக்கு ஓட்டு ஊர்லதான் மேடம் இருக்கு. இங்க யார் நின்னா எனக்கென்ன."

"இங்கதானே நாலு வருசம் இருக்கிறீங்கள்? தண்ணி, ரோட்டு எல்லாம் இங்கதானே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆமால்ல" என்றுவிட்டு, முன்சீட்டுப் பையனைத் தட்டி அவனுக்கு வாக்கு எங்கே என்று கேட்டாள். அவனுக்குத் தேனியில். இன்னொருத்திக்கு வேலூரில். கேள்வி வான் முழுக்கப் போய்த் திரும்பியது. அத்தனை பேரும் இங்கே வாழ்கிறார்கள், ஒருவரும் இங்கே வாக்களிப்பதில்லை. வாக்காளர் பட்டியலிலிருந்து வீடுகளைத் தெரிந்தெடுக்கும் எங்கள் ஆய்வில் இந்த வான் மொத்தமாக இல்லாமல் போகும். தவறான வண்டியில் ஏறியதற்காக நான் வருந்தவே இல்லை.

நல்ல காலம், எனக்குத் துணையாக வர இருந்த ரேவதி வசிப்பது எலக்ட்ரானிக் சிட்டியை ஒட்டிய ஹெப்பகோடியில். கூப்பிட்டதும் ஸ்கூட்டரில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். திருவண்ணாமலைப் பக்கம். முன்பு தையல் ஆலையில் வேலை பார்த்தவள், இப்போது வீடு வீடாகப் போய்ப் பதில் வாங்குகிறாள். தலைக்கவசத்தை நீட்டி, "கெட்டியா புடிச்சுக்குங்க மேடம். பேசினா தூசி வாய்க்குள்ள போகும்" என்றாள். நான் பேசிக்கொண்டே போனேன். தூசியும் போனது.

நீலசந்திராவில் ஒரு குறுகிய சந்து எங்களுக்கு விழுந்திருந்தது. வாக்காளர் பட்டியலில் முதல் வீட்டைக் குலுக்கலில் எடுத்து, பிறகு அதே பட்டியலில் ஒவ்வொரு ஏழாவது வீடும். பூட்டியிருந்தால் திரும்ப வர வேண்டும், மூன்று தடவை. பக்கத்து வீட்டை மாற்றாக எடுக்கக் கூடாது. இந்த விதியை நான் பத்தொன்பது வருடமாக எழுதிப் போடுகிறேன். அன்று மூன்றாம் மாடி, ஏணி போன்ற படி, வெயில், பூட்டிய கதவு. பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது, ஒரு அம்மா வாசலிலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இவவைக் கேட்டால் என்ன, ரேவதி?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பகல்ல வீட்ல இருக்கறவங்களையே கேட்டுட்டுப் போனா, வேலைக்குப் போறவங்க பதில் எப்ப வரும் மேடம்?"

என் பாடப்புத்தகத்தில் அதற்கு இரண்டரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். அவள் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

மற்ற வீடுகள் திறந்தன. ஒரு குழாய் வேலைக்காரர் அட்டைகளை வலு உற்சாகமாகத் தெரிந்தெடுத்துவிட்டு, என் இருபத்தேழாம் கேள்வியில் கையை எடுத்துவிட்டார். "ஒருத்தருக்குப் போட்டாச்சு. ரெண்டாவது யாருன்னு சொன்னா மொத ஆளுக்குத் துரோகம் பண்ண மாதிரி இல்ல?" என்றார். அதை அப்படியே குறித்துக்கொண்டேன். இப்படி ஒரு தடை வரும் என்று மூன்று மாத வாதத்தில் எனக்குத் தோன்றியதேயில்லை.

பூட்டிய வீடு மூன்றாம் தடவை, பின்னேரம் ஆறு மணிக்குத்தான் திறந்தது. கதவைத் திறந்த பெண்ணை இங்கே கஸ்தூரி என்று சொல்கிறேன். அது அவர் பெயரல்ல. எழுதலாம் என்று அனுமதி தந்தவர், பெயரை மட்டும் மாற்றச் சொன்னார். அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவியிருந்தார். முந்தானையால் துடைத்தபடி, "இன்னாம்மா, ரேஷன் கார்டா?" என்றார்.

"இல்லக்கா, சர்வே. அரை மணி நேரம் ஆகும்" என்றாள் ரேவதி.

நான் வணக்கம் சொல்லி இரண்டு வார்த்தை கதைத்ததும் என்னை உற்றுப் பார்த்தார். "நீ மலையாளமா?"

"இல்லை அக்கா, யாழ்ப்பாணம். இலங்கை."

"அவ்ளோ தூரத்துலேருந்து வந்து எங்க ஓட்ட எதுக்குக் கேக்குற?"

நியாயமான கேள்வி. நான் ஏதோ சொன்னேன், அவரும் ஏற்றுக்கொண்டது போல உட்கார்ந்தார். ரேவதி கைக்கணினியை அவர் மடியில் வைத்தாள். முதல் அட்டை பட்டதாரி, முப்பத்தைந்து வயது ஆண், கட்டட ஒப்பந்தக்காரர். இரண்டாவது அட்டையை அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"பெண். வயசு நாப்பத்திநாலு. ஒம்பதாங் கிளாஸ். தொழில் வீட்டு வேல. வீட்டுல தமிழ். இந்த வார்டுல இருவது வருஷம்." நிறுத்தினார். விரல் அதே இடத்தில் நின்றது. "இத யாரு எழுதிக் குடுத்தது?"

"யாரும் எழுதேல்லை அக்கா. அது குலுக்கலில வாறது."

"எனக்கு நாப்பத்திநாலு. ஒம்பதாவதுல நின்னுட்டேன். நாலு வீட்ல வீட்டு வேல, கெலசம் பண்றேன். வந்து இருவது வருஷம். இதெல்லாம் மெஷினுக்கு எப்பிடித் தெரியும்?"

எனக்குள் இருந்த ஆசிரியைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆறு விவரமும் ஒருவருக்கே ஒத்துவருவது எவ்வளவு அபூர்வம். நான் சந்தோஷத்தில் நிகழ்தகவை விளக்கத் தொடங்கினேன். அது நான் செய்த பிழை. எதிரே இருந்தவருக்கு அது அபூர்வமாகப் படவில்லை, பயமாகப் பட்டது. தன்னைப் பற்றி யாரோ எங்கேயோ எழுதிவைத்திருக்கிறார்கள் என்றுதான் அவருக்குத் தெரிந்தது. பட்டியலில் பேர் வெட்டுவார்களோ, ரேஷன் நின்றுவிடுமோ. கைக்கணினியைத் திருப்பித் தந்து, "நீங்க போங்கம்மா" என்றார்.

கஸ்தூரியின் பயம் இரவுக்குள் பரவி, மூன்றாம் நாள் காலையில் சந்து எங்களுக்கு மூடிவிட்டது. தட்டிய கதவுகளுக்குப் பின்னாலிருந்து, "வூட்ல யாரும் இல்ல" என்று குரல் வந்தது. முந்திய நாள் சிரித்துப் பேசிய குழாய் வேலைக்காரர்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டார். ரேவதியின் முகம் சுருங்கிப்போனது. "ஒரு தெருவுல பேரு கெட்டா அடுத்த தெருவுலயும் விட மாட்டாங்க மேடம்" என்றாள்.

மைதிலியைக் கூப்பிட்டேன். "அந்த சந்த விட்டுடலாம் சுகந்தி. வேற ஒண்ணு குலுக்கிக் குடுக்கறேன். டைம் இல்ல."

"விட்டால் பயப்பிட்ட சனத்தின்ர பதில் வராது மைதிலி. பயப்பிடாத ஆக்களை மட்டும் கேட்டிட்டு ஊர் இப்பிடித்தான் எண்டு சொல்லப் போறமா?"

"இன்னைக்கு ஒரு நாள்தான்" என்றார் மைதிலி.

சந்து முனையில் நகல் எடுக்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே எல்லா விவரங்களையும் பெரிய எழுத்தில் அச்செடுத்து, சீட்டுச் சீட்டாக வெட்டினோம். தேநீர்க் கடையில் ஆறு எவர்சில்வர் டம்ளர்களை இரவல் வாங்கினோம். ஒன்றில் வயது, ஒன்றில் படிப்பு, ஒன்றில் தொழில், இப்படி ஆறு. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் மேல் வரிசையாக வைத்தோம். இயந்திரம் உள்ளே செய்வதை வெளியே கையால் செய்து காட்டுவதுதான் யோசனை. குடத்தோடு நின்ற பெண்களைக் கூப்பிட்டேன். முதலில் யாரும் வரவில்லை. பிறகு ஒரு அம்மா குடத்தை வைத்துவிட்டு வந்து, ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு சீட்டு எடுத்தார்.

ரேவதி உரத்து வாசித்தாள். "ஆண். வயசு இருபத்தியெட்டு. டாக்டர். வீட்டுல தெலுங்கு. படிப்பு அஞ்சாங் கிளாஸ்."

"அஞ்சாவது படிச்ச டாக்டரா? எங்க தெரு ஊசிக்காரர் மாதிரி இருக்கு" என்றார் யாரோ. சிரிப்பு கிளம்பியது. நான் குறிப்பேட்டை எடுத்து, தொழிலும் படிப்பும் முட்டிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும் என்று எழுதினேன். அலுவலகத்தில் ஒருவரும் கவனிக்காத ஓட்டையை ஒரு டம்ளர் காட்டிக்கொடுத்தது.

அரை மணி நேரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளாளுக்கு வேட்பாளர்களை எடுத்தார்கள், இரண்டு இரண்டாக மோதவிட்டார்கள், கை தூக்கி வாக்குப் போட்டார்கள். குழாய் வேலைக்காரர் ஒரு வேட்பாளருக்காகப் பிரசாரமே தொடங்கிவிட்டார். வார்டுத் தேர்தல் எப்போது வரும் என்ற பேச்சு ஒரு பக்கம். இவ்வளவு உயிரோடு என் பாடத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்று மதியமே கஸ்தூரி வேலையிலிருந்து திரும்பி வந்தார். தூரத்தில் நின்று கவனித்துக்கொண்டிருந்தவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஆறு டம்ளர்களிலும் ஒவ்வொரு சீட்டாக எடுத்தார். அறுபது வயது ஆண், பட்டதாரி, இரும்புக் கடை. சீட்டுகளைத் திரும்பப் போட்டு, டம்ளரைக் குலுக்கி, மறுபடி எடுத்தார். இளம் வழக்கறிஞர். மறுபடி எடுத்தார். ஆட்டோ ஓட்டுநர். ஏழெட்டுத் தடவை எடுத்திருப்பார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் சீட்டுகளை ஸ்டூலில் வைத்துவிட்டு, "எத்தினி வாட்டி எடுத்தாலும் நான் வர மாட்டேங்குறேனே" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான், முதல் தடவையாக. என்னைப் பார்த்து, "சரிம்மா. மெஷின் சும்னே, சும்மாதான் எடுத்துது. நம்புறேன்" என்றார். பிறகு போகத் திரும்பியவர் நின்று, "நெஜ எலக்‌ஷன்லயும் நான் வந்ததில்லயே" என்றார்.

"ஏன்க்கா வர்றதில்ல? நீங்க நின்னா இவங்க போட மாட்டாங்களா?" என்று ரேவதி கேட்டாள். கேள்வித்தாளில் இல்லாத கேள்வி. விதிப்படி அவள் கேட்கக் கூடாது.

"போடுவாங்களா மாட்டாங்களான்னு அப்பறம் பாக்கலாம். நிக்கணுமே மொதல்ல. நாலு வீட்ல வேல செய்றேன். நாலு வீடும் நாலு கட்சி. நான் ஒரு கொடி புடிச்சா மூணு வீடு போச்சு. குடியிருக்கற ரூமு ஓனரு வேற கட்சி, காலி பண்ணும்பாரு. தண்ணி விடறவன் எங்க பக்கம் வால்வ தொறக்க மாட்டான். இத்தயெல்லாம் உட்டுட்டு நின்னாதான் நீங்க அட்டையில எழுதி யாருக்குப் போடுவன்னு கேக்கவே முடியும்."

சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார்கள். நான் கையிலிருந்த கேள்வித்தாளின் பக்கங்களைப் புரட்டினேன். அவர் சொன்னதை எழுத ஒரு இடம்கூட இல்லை.

சந்து திறந்தது. நான்காம் நாள் முழுக்கக் கதவு கதவாக ஏறி இறங்கினோம். ஒரு வீட்டில் கேழ்வரகு உருண்டையும் கீரைச் சாறும் தந்தார்கள். மெல்லக் கூடாது, அப்படியே விழுங்க வேண்டும் என்று பெரியவர், சின்னவர் எல்லோரும் சொல்லித் தந்தார்கள். நான் மென்றேன். அது அந்த வீட்டின் அன்றைய செய்தியானது. கஸ்தூரியை மட்டும் மறுபடி கேட்கவில்லை. இவ்வளவு பேசிய பிறகு அவர் பதில் குலுக்கலுக்கு உரிய பதிலாக இருக்காது. அவர் வீட்டை "பூர்த்தியாகவில்லை" என்று பதிந்தோம். பதியும்போது ரேவதி, "அதிகமா பேசினவங்க அவங்கதான் மேடம்" என்றாள்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓட்டோக்காரர் ஒரு மேம்பாலத்துக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டார். மெட்ரோவில் ஒரு காலில் நின்று வைட்ஃபீல்டு போய்ச் சேர்ந்தபோது மைதிலி முதல் வரைபடத்தைத் திரையில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு புள்ளி, புள்ளியின் இரு பக்கமும் ஒரு கோடு. கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு எங்களுக்கு நிச்சயமில்லை என்று அர்த்தம். "வீட்டு வேலை" என்ற புள்ளியின் கோடு இரண்டு பக்கமும் தாராளமாக நீண்டிருந்தது. கூட்டுகிறதா குறைக்கிறதா, சொல்ல முடியாது.

"இவ்வளவு சின்ன சாம்பிள்ல இது எதிர்பார்த்ததுதான்" என்றார் மைதிலி.

நான் கஸ்தூரி சொன்னதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே தெளிந்துகொண்டு வந்தது. வாக்காளர் விரும்பாததால்தான் இப்படிப்பட்டவர்கள் சபைக்கு வருவதில்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டு ஆராய்கிறோம். விருப்பம் இருந்தாலும் ஆள் நிற்க முடியாவிட்டால்? எங்கள் அட்டை எல்லோரையும் இலவசமாக நிறுத்திவிடுகிறது. ஊர் அப்படி நிறுத்துவதில்லை.

மைதிலி நெற்றியைத் தேய்த்தார். "நல்ல கேள்வி. ஆனா அரை மணிக்கு மேல யாரும் உக்கார மாட்டாங்க, நீயே பாத்தே. ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய போகணும். எத எடுக்கறது?"

இருவரும் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தோம். வயது வேண்டும், படிப்பு வேண்டும், அட்டைகள் வேண்டும். என் கேள்வியை அவர் சுட்டிக்காட்டவில்லை. அது அவருடைய நாகரிகம். நான் சுட்டியை நகர்த்தி இருபத்தேழாம் கேள்வியைத் தெரிவு செய்தேன். மூன்று மாதம் வாதாடிச் சேர்த்தது. நீக்கவா என்று கணினி ஒரு தடவை கேட்டது. ஆம் என்றேன். வலித்தது. அது வெறும் கால் நிமிட வலி என்பதும், அதற்குள் கைகள் புதிய கேள்வியைத் தட்டத் தொடங்கிவிட்டன என்பதும் எனக்கே ஆச்சரியம்.

கடைசி நாள் காலையில், கஸ்தூரி வேலைக்குப் போகும் முன் பிடிக்க வேண்டும் என்று ஏழு மணிக்கே நானும் ரேவதியும் மூன்று மாடி ஏறினோம். அவர் தலையைப் பின்னிக்கொண்டிருந்தார்.

"அட்டையில இருந்துச்சே அந்தம்மா, ஜெயிச்சாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"சொல்லேலாது அக்கா. கொஞ்சப் பேரைத்தானே கேட்டனாங்கள். வெண்டவ எண்டும் சொல்லேலாது, தோத்தவ எண்டும் சொல்லேலாது."

"தோத்தான்னு சொல்ல முடியாதுன்னா பர்வாயில்ல" என்றார். ரப்பரைப் பல்லில் கடித்தபடி, "உங்கிட்ட என் பதிலு சேந்துச்சா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. சேராது என்றேன். ஏன் என்றும் சொன்னேன். "அப்ப ஏம்மா கேட்ட?" என்று அவர் குரல் இறுகியது. பின்னல் பாதியில் நின்றது.

"உங்கட பதிலைச் சேக்க ஏலாமல் போச்சுது அக்கா. உங்கட கேள்வியைச் சேத்திருக்கிறம். இது இனி எத்தினையோ வீட்டில கேப்பினம். சரியா எழுதியிருக்கிறமோ எண்டு நீங்கள்தான் பாத்துச் சொல்ல வேணும்."

ரேவதி வாசித்தாள்: "தங்களைப் போன்ற ஒருவர் தேர்தலில் போட்டியிட்டால், அதனால் அவருக்கு ஏற்படக்கூடிய இழப்புகள் யாவை?"

கஸ்தூரி சிரித்துவிட்டார். "யாவையா? இழப்புன்னா சாவு வீட்டுல சொல்றது. இப்பிடிக் கேட்டா கதவ சாத்திக்குவாங்க. 'உங்கள மாதிரி ஒருத்தர் எலக்‌ஷன்ல நின்னா, அவங்களுக்கு என்னென்ன போயிடும்?' அவ்ளோதான். இப்பிடிக் கேளு."

ரேவதி அப்படியே மாற்றினாள். நான் படித்த தமிழெல்லாம் அந்த ஒரு வரிக்கு முன்னால் வாய் பொத்தி நின்றது.

"சரி, இப்ப என்னக் கேளு" என்றார் கஸ்தூரி.

இது சோதனைக்குக்கூடச் சேராத பதில் என்று எனக்கும் தெரியும், ரேவதிக்கும் தெரியும். ரேவதி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, முதல் வீட்டில் கேட்பது போலக் கேள்வியை முழுதாக வாசித்தாள்.

கஸ்தூரி பதில் சொல்லத் தொடங்கினார். வேலைக்கு நேரமாகிறது என்பதையும் பின்னல் பாதியில் நிற்பதையும் மறந்துவிட்டார். மூன்று வீட்டு வேலை, ரூம், தண்ணீர் என்று நாங்கள் ஏற்கனவே கேட்டதில் ஆரம்பித்து, நாங்கள் கேட்காத பலதுக்குப் போனார். பேசாமல் போய்விடக்கூடிய தங்கை. காலேஜில் மகளை மற்றவர்கள் பார்க்கப் போகும் பார்வை. அதோடு நிற்காமல், நின்றால் கிடைக்கக்கூடியது என்ன என்றும் அவரே கேட்டுக்கொண்டு அதற்கும் பதில் சொன்னார். ரேவதி வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது. பதில் எழுதும் பெட்டிக்கு நாங்கள் இரண்டு வரிதான் இடம் விட்டிருந்தோம். அதற்கு மேல் எழுத்து விழவில்லை.

"இருங்கக்கா" என்றாள் ரேவதி. கைக்கணினியைத் தரையில் வைத்துவிட்டு, என் கையிலிருந்த குறிப்பேட்டை வாங்கி, புதிய பக்கத்தைத் திருப்பினாள். "இப்ப சொல்லுங்க."